ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பொறையாற்றில் காரைக்கால் பஸ் ஏறி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் நண்டலாறு வந்துவிடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் வட்டாரம். அந்த வட்டாரத்தின் வட ஓரத்தில், கடலை ஒட்டி ஒதுங்கிக் கிடக்கிறது மண்டபத்தூர். இரு கரையிலும் விளைவது ஒரே நெல். வலையில் விழுவது ஒரே மீன். பேசுவது ஒரே பேச்சு. கொள்வினை கொடுப்பினையும் தாராளமாக உண்டு. இருந்தும் திரும்பி வரும்போது பஸ்ஸைச் சாவடியில் நிறுத்திவிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்தில் மது மலிவு என்பதும், இந்தப் பக்கத்துப் போலீஸாருக்கு அது தலைவலி என்பதும் ஊரறிந்த விஷயம். ஒரு முறை எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் துணிப்பையிலிருந்து ஒரு புட்டி வெளியே வந்தது. அவர் பயப்படவில்லை; நியாயம் கேட்டார்.

"ஏன் சார், அங்கே கடையிலே காசு வாங்கிக்கிட்டுக் குடுத்தது, இங்கே வச்சிருந்தா தப்புங்களா?"

"அங்கேயே குடிச்சுட்டு வந்திருந்தா நான் கேட்டிருப்பேனா?" என்றார் போலீஸ்காரர்.

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த மனிதரின் கேள்வி சிரிப்போடு போய்விடவில்லை. முந்நூறு அடி தூரத்தில் குற்றமில்லாதது இங்கே எப்படிக் குற்றமாயிற்று? புட்டியும் மாறவில்லை, மனிதரும் மாறவில்லை. மாறியது சர்க்கார் ஒன்றுதான்.

என் பாட்டிக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். அவள் கல்யாணமாகி ஆற்றைத் தாண்டியபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இந்தியா சுதந்திரமடைந்துவிட்ட காலம். 1949-ல் இரு தரப்புக்கும் இருந்த சுங்க ஒப்பந்தம் முடிந்தபின் எல்லையில் கெடுபிடி அதிகமாகிவிட்டது. சீர்ப் பெட்டியை இறக்கி, புடவைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்களாம். அதைச் சொல்லிவிட்டுப் பாட்டி ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள்: "பத்தடி தள்ளிப் போனப்பறம் அவன் யாரோ, நான் யாரோ!"

சர்க்காரின் கைக்கு ஒரு நீளம் உண்டு. அந்த நீளத்துக்கு அப்பால் அந்தக் கை எட்டாது. பாட்டி கண்ட இந்த உண்மைக்காகப் பெரிய பெரிய தேசங்கள் புரட்சி செய்திருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியாது.

இந்தக் கடற்கரைக்கு எல்லைகள் புதியவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கொடி பறந்தது. காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக் கொடி. நாகப்பட்டினத்தில் டச்சுக் கொடி. சுற்றியிருந்த வயலெல்லாம் தஞ்சை மராட்டிய ராஜாவுடையது. இருபது மைலுக்குள் நான்கு சர்க்கார்கள்! பிறகு நாகப்பட்டினம் 1781-ல் ஆங்கிலேயர் வசமாயிற்று. தரங்கம்பாடியை 1845-ல் டேனிஷ்காரர் விலைக்கே விற்றுவிட்டுப் போனார்கள். காரைக்காலையும் ஆங்கிலேயர் பல முறை பிடித்தார்கள். ஆனால் 1817-ல் கடைசியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புதுச்சேரியும் அப்படியே பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. கடல் போன்ற பிரிட்டிஷ் இந்தியாவில் சின்னச் சின்னத் தீவுகளைப் போல இந்த ஊர்கள் நின்றன.

அந்தத் தீவுகளில் ஒன்றுக்கு 1908-ல் ஓர் இளைஞர் ரயிலேறிப் போனார். அவர் போகாதிருந்தால் இன்று நமக்குப் பாஞ்சாலி சபதமும் இல்லை, குயில் பாட்டும் இல்லை.

சென்னையில் 'இந்தியா' பத்திரிகைக்கு உயிராக இருந்தவர் பாரதியார். சட்டப்படி ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசன் என்பவரை ராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சர்க்கார் பிடித்துச் சிறையில் போட்டது. அடுத்த முறை கை யார் தோளில் விழும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். பின்னாலேயே பத்திரிகையும் போயிற்று. சென்னையில் அச்சிட்டால் குற்றமாகும் அதே வாக்கியங்கள் புதுச்சேரியில் குற்றமாகவில்லை. அங்கே 1881-ஆம் வருஷத்து ஜூலை 29-ந் தேதிப் பத்திரிகைச் சட்டம் இருந்தது. பத்திரிகை நடத்த முன் அனுமதி வேண்டாம், ஜாமீன் பணம் கட்ட வேண்டாம் என்று பாரிஸில் செய்த சட்டம். அதன் கடைசிப் பகுதியில், இது குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தும் என்று எழுதிவிட்டார்கள். பாரிஸ் நகரத்துப் பத்திரிகைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த சட்டம், எட்டயபுரத்துக் கவிஞருக்குக் குடை பிடித்தது.

ஆனால் குடைக்கும் ஓர் அளவு உண்டு. பத்திரிகை புதுச்சேரியில் சுதந்திரமாக அச்சாயிற்று. வாசகர்களோ ஆற்றுக்கு இந்தப் பக்கத்தில் இருந்தார்கள். பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழையலாகாது என்று தடை விழுந்தது. படிக்க ஆளில்லாத பத்திரிகை எத்தனை நாள் நடக்கும்? 1910 மார்ச்சில் நின்றுவிட்டது. பேசுகிறவனுக்கு மட்டும் சுதந்திரமிருந்து கேட்கிறவனுக்கு இல்லாமற் போனால், அந்தச் சுதந்திரம் பாதிதான்.

அதே 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரி வந்து சேர்ந்தார்கள். 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபின் பிரிட்டிஷ் ஒற்றர்கள் புதுச்சேரித் தெருக்களில் குடியேறியே விட்டார்கள். அந்நியர் தங்க வேண்டுமானால் ஊரில் மதிப்புள்ள ஐந்து பேர் நற்சான்று தர வேண்டும் என்று ஒரு விதி பிறந்தது. ஊரார் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வீரச் செயல்களைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். அந்த ஐந்து கையெழுத்துக்களும் வீரச் செயல்கள்தாம் என்பேன்.

1918 நவம்பர் 20-ந் தேதி பாரதியார் அந்த எல்லையைத் தாண்டி வெளியே வந்தார். கடலூர் எல்லையிலேயே கைது செய்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சிறை. பத்து வருஷமாக எல்லைக்கு வெளியே நின்று காத்துக்கொண்டிருந்த கை, அவர் கால் எடுத்து வைத்தவுடனே விழுந்துவிட்டது. அவர் காலமாகி ஏழு வருஷம் கழித்து, 1928-ல், அவருடைய பாட்டுப் புத்தகங்களையும் அது பறிமுதல் செய்தது. நீளமான கைதான்!

பிரெஞ்சுக்காரர் உத்தமர், ஆங்கிலேயர் கொடியவர் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. காரைக்காலின் கடற்கரையே அந்தத் தவற்றைச் செய்யவிடாது. 1848-ல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. அதனால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமற் போயிற்று. ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பலேற்ற இங்கேதான் ஆள் தேடினார்கள். தஞ்சைச் சீமையில் பசித்தவர்கள் இதே ஆற்றைத் தாண்டிக் காரைக்கால் துறைமுகத்துக்குப் போய், ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். அவர்களில் மிகப் பலர் திரும்பவே இல்லை. ரெயூனியனில் அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டு, 1882-ல் அந்தத் தீவுக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்தது யார் தெரியுமா? பிரிட்டிஷ் இந்திய சர்க்கார்!

பிறகு 1936 ஜூலை 30-ந் தேதி, நாணயத்தில்கூடச் 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்று பொறித்த அதே பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1954-ல் இந்தியாவோடு இணைய வேண்டுமென்று கிளம்பியவர்கள் பிரெஞ்சுப் போலீஸுக்குத் தப்பி எதிர்த் திசையில் ஓடி வந்தார்கள். பாரதியார் எந்த மண்ணிலிருந்து தப்பிப் போனாரோ அந்த மண் அவர்களுக்குப் புகலிடமாயிற்று.

ஆகவே ஆற்றுக்கு எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்று கேட்பதில் அர்த்தமில்லை. காலத்துக்குக் காலம் அது மாறியிருக்கிறது. மனிதனைக் காப்பாற்றியது ஏதோ ஒரு சர்க்காரின் நல்ல குணமன்று. ஒவ்வொரு சர்க்காரும் ஓரிடத்தில் முடிந்துபோயிற்று என்பதுதான்.

இங்கே அமெரிக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லையைத் தேடி ஓடியவர்களின் பிள்ளைகள் அந்தத் தேசத்தார். மதக் கொடுமைக்குத் தப்பிக் கடல் கடந்தவர்கள் அவர்களுடைய முன்னோர்களில் பலர். 1787-ல் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சாசனம் எழுதினார்கள். எழுதி முடித்ததும் ஜனங்களில் ஒரு பகுதியார் ஒப்புக்கொள்ளவில்லை. "சர்க்கார் என்ன செய்யும் என்று எழுதிவிட்டீர்கள், என்ன செய்யக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்பதுதான் அவர்களுடைய சண்டை. அந்தச் சண்டையின் பலனாக 1791-ல் பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன. முதல் திருத்தம், மதத்திலும் பேச்சிலும் பத்திரிகையிலும் ஜனங்கள் கூடுவதிலும் கை வைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் சபை செய்யலாகாது என்கிறது.

அதாவது, நண்டலாற்றை அவர்கள் ஒவ்வொரு மனிதனைச் சுற்றியும் வெட்டிவிட்டார்கள். தப்பிக்க வேண்டுமானால் வேறு தேசத்துக்கு ஓட வேண்டியதில்லை. நிற்கிற இடத்திலேயே எல்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் ஏழே வருஷத்தில், 1798-ல், அதே காங்கிரஸ் சபை ராஜத்துரோகச் சட்டம் ஒன்றைச் செய்து, ஜனாதிபதியைக் கடுமையாகக் குறை கூறினவர்களைச் சிறையில் தள்ளியது. மாத்யூ லையன் என்ற சபை அங்கத்தினருக்கே நாலு மாதச் சிறை. வெர்மாண்ட் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் சிறையில் இருக்கும்போதே அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சட்டம் 1801-ல் காலாவதியாயிற்று. காகிதத்தில் போட்ட கோட்டை அன்று காப்பாற்றியது காகிதமல்ல. ஒரு குளிர்ப் பிரதேசத்து விவசாயிகளின் ஓட்டு.

சர்க்காரின் கையைக் கட்டிவிட்டால் மட்டும் மனிதன் சுதந்திரனாகிவிடுவானா என்ற கேள்வியும் இருக்கிறது. இதற்கு அமெரிக்கா போக வேண்டாம். புதுச்சேரியே பதில் சொல்கிறது.

1819 ஜனவரி 6-ந் தேதி பிரெஞ்சு ஆட்சி ஒரு வாக்குக் கொடுத்தது: இந்தியர்களின் வழக்குகளை அவரவர் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியுமே தீர்ப்போம் என்று. அந்த வழக்கங்கள் இன்னவை என்று எடுத்துச் சொல்ல 1827-ல் ஓர் ஆலோசனைச் சபையும் ஏற்பட்டது. மேலுக்குப் பார்த்தால் எவ்வளவு கண்ணியமான சர்க்கார்! ஜனங்களின் வீட்டுக்குள் மூக்கை நுழைக்க மாட்டேன் என்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டு மூச்சுத் திணறுகிறவனுக்கு அந்தக் கண்ணியத்தால் என்ன லாபம்? சர்க்கார் வாசலில் நின்றுவிட்டது. உள்ளே சாதி ராஜ்யம் நடத்தியது.

1873-ல் பொன்னுத்தம்பி என்ற வக்கீல் பூட்ஸும் காலுறையும் அணிந்து புதுச்சேரிக் கோர்ட்டுக்குள் நுழைந்தார். சுதேசிகள் வெறுங்காலோடு வருவதுதான் மரியாதை என்பது வழக்கம். கோர்ட் அவரை வெளியே போகச் சொல்லியது. மனிதர் விடவில்லை. பாரிஸில் உள்ள மிக உயர்ந்த நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்துக்கொண்டு வந்தார். ஒரு ஜோடிச் செருப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிலர் அன்று சிரித்திருக்கக்கூடும். தன் காலில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்க முடியாதவன் வேறு எதைத் தீர்மானிக்கப் போகிறான்?

பொன்னுத்தம்பி அதோடு நிற்கவில்லை. சாதி வழக்கத்தின் பிடியிலிருந்து தனி மனிதன் விலகிக்கொள்ள ஒரு வழி வேண்டுமென்று கிளர்ச்சி செய்தவர்களுக்குத் தலைவரானார். 1881 செப்டம்பர் 21-ந் தேதி அந்த வழி பிறந்தது. எந்தச் சாதியானாலும் எந்த மதமானாலும், வயது வந்த ஒருவர் அதிகாரியின் முன் தம் சாதிச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தால், அன்று முதல் அவருக்குப் பிரெஞ்சுக்காரருக்கு உள்ள சிவில் சட்டமே பொருந்தும். அப்புறம் திரும்ப முடியாது. இப்படித் துறந்தவர்கள் குடும்பப் பெயராக ஒரு புதுப் பெயரை வைத்துக்கொண்டார்கள். தாழ்த்தப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களும் பலர் துறந்தார்கள். மேல்சாதிக்காரர் பெரும்பாலும் விலகியே நின்றார்கள். அவர்களுடைய தலைவர் சண்முக வேலாயுத முதலியாரின் செல்வாக்கு ஓங்கியது. 1884-ல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்து, துறந்தவர்களைத் தனியே ஒரு பட்டியலில் ஒதுக்கினார்கள். கதவு திறந்தது உண்மை. திறந்த கதவுக்கு அப்பால் இன்னொரு சுவர் இருந்ததும் உண்மை.

அமெரிக்காவின் கதையும் இதுவே. சர்க்காரின் கையை 1791-ல் கட்டியவர்கள், அடிமைகளை வைத்திருந்த எஜமானனின் கையைக் கட்டவில்லை. அதற்கு 1865 வரையில், ஒரு பெரும் உள்நாட்டு யுத்தம் முடியும் வரையில், காத்திருக்க வேண்டியிருந்தது. சர்க்காருக்கு எல்லை வேண்டும் என்று சொல்கிற வாயாலேயே, வலியவனுக்கும் எல்லை வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொன்னால் அது பாதிச் சுதந்திரம்.

நம் சாசனத்தை எழுதியவர்களுக்கு இந்த இரண்டும் தெரிந்திருந்தன. பேச்சுரிமை பத்தொன்பதாவது ஷரத்தில் இருக்கிறது. தீண்டாமை ஒழிப்பு பதினேழாவது ஷரத்தில் இருக்கிறது. 1950 ஜனவரியில் சாசனம் அமலுக்கு வந்தது. மார்ச்சில் சென்னை சர்க்கார் என்ன செய்தது? பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டது. நாற்பது வருஷத்துக்கு முன் 'இந்தியா'வுக்குப் போட்ட அதே தடை! வெள்ளைக்காரன் போய்விட்டான், வெள்ளைக்காரன் உட்கார்ந்த நாற்காலி அப்படியே இருந்தது.

ஆனால் இம்முறை ஆசிரியர் ரமேஷ் தாப்பர் ஓடுவதற்குப் புதுச்சேரியைத் தேடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1950 மே 26-ந் தேதி அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பாரதியாருக்கு இல்லாத எல்லை தாப்பருக்கு இருந்தது. அடுத்த வருஷமே, 1951 ஜூனில், சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, பொது அமைதி முதலிய காரணங்களுக்காகப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தச் சர்க்காருக்கு இடம் கொடுத்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லையும் சேர்த்தார்கள். கோர்ட் பிடித்துக்கொள்ள அந்த ஒரு சொல் பிடிமானமாயிற்று. அமெரிக்கரின் முதல் திருத்தம் சர்க்காரின் கையைக் கட்டியது. நம்முடைய முதல் திருத்தம் கட்டைச் சற்றுத் தளர்த்தியது.

அந்தக் கட்டு முழுவதும் அவிழ்ந்த நாளும் வந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், காரணமின்றிச் சிறை வைக்கப்பட்டவன் கோர்ட்டுக்கு வந்து கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொல்லிவிட்டார்கள். மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தாம். அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே கோர்ட் வெளிப்படையாகச் சொல்ல 2017 வரையில் ஆயிற்று. 1976-ல் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இல்லை. 1954 நவம்பர் முதல் தேதியோடு அது போய்விட்டது. நாம் மனமார விரும்பி ஆற்றின் இரு கரையையும் ஒன்றாக்கிக்கொண்டோம். அது சரியான காரியம்தான். ஆனால் அன்று முதல் தப்பி ஓட மண் இல்லை. சாசனம் ஒன்றுதான் இருக்கிறது. ஏட்டில் இருக்கும் எல்லைக்கு நாம்தாம் காவல்.

இதைச் சொல்லும்போது அந்த ஐந்து கையெழுத்துக்களும், வெர்மாண்ட் விவசாயிகளின் ஓட்டும், கன்னாவின் ஒற்றைக் குரலும் நினைவுக்கு வருகின்றன. பொன்னுத்தம்பியும் நினைவுக்கு வருகிறார். சாதிச் சட்டத்தைத் துறந்தபோது அவர் தமக்கென்று வைத்துக்கொண்ட பிரெஞ்சுப் பெயர் 'லா போர்த்'. அதற்கு அர்த்தம், வாசற்கதவு.

சாவடியில் அந்தப் போலீஸ்காரர் புட்டியை எடுத்துக்கொண்டு, அதற்குரியவரையும் கீழே இறங்கச் சொன்னார். பஸ் புறப்பட்டது. பக்கத்துப் பைகளில் என்ன இருந்ததோ, எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். இறங்கினவர் மட்டும் சாலையோரத்தில் நின்று, "தப்புங்களா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. நானுந்தான் சொல்லவில்லை.